டென்ட்டுக்கு ஏழாயிரம், உசிருக்கு ஓசி

வெட்டவெளியில் தங்குகிறவர்களுக்கான சாமான் இந்தியாவில் முதன்முதலாக அகப்பட்ட ஊர் எது தெரியுமோ? எங்கள் பல்லாவரம்தான். 1863 மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார நிலவியல் அதிகாரி, இங்கே சரளை தோண்டிய குழி ஒன்றில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். வெட்ட, கிழிக்க, தோண்ட எல்லாவற்றுக்கும் ஒரே கல். கேரண்டி கார்டு இல்லாமலே லட்சக்கணக்கான வருஷம் தாங்கியிருக்கிறது.

அதே பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை. செடி, புறா, செத்துப்போன கம்ப்யூட்டர், கால் போன கட்டில், கட்டில் போன கால் எல்லாம் கிடைக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அங்கேதான் என் மைத்துனன் ஒரு ஆரஞ்சு கலர் லைஃப் ஜாக்கெட்டை நூற்றைம்பது ரூபாய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தான். ஒரு பக்கிள் இல்லை. "கயிறு போட்டுக் கட்டிக்கலாம் சார்" என்றார் கடைக்காரர். மைத்துனன் நூறு ரூபாய்க்குக் கேட்டான். இத்தனைக்கும் முந்தின வாரம்தான், தூக்கிப் போட்டால் தானே விரிகிற டென்ட்டை மறுபேச்சு பேசாமல் ஏழாயிரத்துக்கு வாங்கியவன்.

டென்ட் பற்றி அவனுக்குப் பெருமை. லேபிளில் 2000 மி.மீ. என்று போட்டிருந்தது. "மாமா, 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர். அதாவது 490 மில்லிமீட்டர். இது ரெண்டாயிரம் தாங்கும்!"

அது மழைக் கணக்கு இல்லை. துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால், எத்தனை உயரம் வரை ஒழுகாமல் தாங்கும் என்கிற கணக்கு. துணி தாங்கினாலும் தையல் வழியாக ஒழுகலாம். தரை விரிப்புக்கு இந்த எண் இன்னும் அதிகமாக இருக்க வேண்டும், நம் முழங்கையும் முட்டியும் அழுத்துகிற இடம் அதுதான். ஆனால் நம் பக்கத்தில் முதல் கவலை மழையே இல்லை, புழுக்கம். வலை வைத்த ஜன்னல் இரண்டு பக்கமும் இல்லாவிட்டால் காலை ஏழு மணிக்கு டென்ட் இட்லிக் கொப்பரை. ஸ்லீப்பிங் பேக் வேண்டுமா என்று கேட்டால், ஏலகிரி மாதிரி இடத்துக்கு ஒரு பவானி ஜமுக்காளமும் நல்ல போர்வையும் போதும் என்பேன். ஊட்டி, கொடைக்கானல் டிசம்பர் வேறு விஷயம்.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? மைத்துனன் வாங்கியதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கூட்டினேன். டென்ட், மடக்கு நாற்காலி, நெற்றியில் கட்டும் லைட், குட்டி அடுப்பு, ஊதுகிற ரப்பர் படகு, துடுப்பு... பதினாலாயிரத்துச் சொச்சம். நாலு பேர் குடும்பத்துக்கு லைஃப் ஜாக்கெட்: சைபர். "அதான் போட் விடற இடத்துலயே குடுப்பாங்களே மாமா. சும்மா கையில ஒண்ணு இருக்கட்டும்னுதான் இது."

கொடுப்பார்கள். ஒரு உப்பங்கழியில் (பேர் வேண்டாம்) எங்களுக்கும் கொடுத்தார்கள். குவியலிலிருந்து ஒன்றை உருவி, ஒன்பது வயசு மகளுக்கு மாட்டிவிட்டார் பையன். பெரியவர்கள் சைஸ். தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தேன். ஜாக்கெட் மட்டும் மேலே வந்தது, குழந்தையின் மூக்கு வரை உள்ளே போய்விட்டது. "போட்டோ எடுத்துட்டு கழட்டிடலாம் சார்" என்றார் பையன். நாங்கள் இறங்கி வந்துவிட்டோம். மகள் வீடு வரும் வரை பேசவில்லை.

கடையிலும் செய்ய வேண்டிய சோதனை அதுதான். பெல்ட்டெல்லாம் இறுக்கிக் கட்டி, தோளைப் பிடித்துத் தூக்க வேண்டும். தாடைக்கு மேல் ஏறினால் அந்த சைஸ் ஆகாது. குழந்தைகளுக்கு இரண்டு தொடைகளுக்கு நடுவே போகிற பெல்ட் கட்டாயம். வயசைப் பார்த்து வாங்காதீர்கள். லேபிளில் எத்தனை கிலோ முதல் எத்தனை கிலோ வரை என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

பக்கத்திலேயே 50 N, 100 N என்று இருக்கும். N என்றால் நியூட்டன். பத்து நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கிப் பிடிக்கிற விசை. "ஐம்பது நியூட்டன்னா அஞ்சு கிலோதானே, நான் எழுபத்தெட்டு கிலோ" என்று மைத்துனன் அலறினான். நியாயமான சந்தேகம்தான். ஆனால் தண்ணீருக்குள் நம் உடம்பு சில கிலோதான் கனக்கும், மீதியைத் தண்ணீரே சுமந்துகொள்ளும். அதனால் அஞ்சு கிலோ போதும், நீச்சல் தெரிந்து, நினைவோடு, கரைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு. 100-க்கு மேற்பட்டதுதான், மயங்கிப் போனவரைக்கூட முகம் மேலே வருகிற மாதிரி திருப்பிப் போடுவதற்காகச் செய்யப்படுவது. நீச்சல் தெரியாத நம் குடும்பங்களுக்கு அதுதான் சரி. கைகளில் ஊதி மாட்டுகிற பலூன் பொம்மை. ரப்பர் படகிலேயே பொடி எழுத்தில் ‘இது உயிர் காக்கும் சாதனம் அல்ல’ என்று அச்சடித்திருந்தது. மைத்துனன் படிக்கவில்லை.

கடைகளின் மேல் எனக்கு இதுதான் குறை. வாசலில் டென்ட், அட்டையில் வெட்டிய கேம்ப் ஃபயர், செயற்கைப் புல். லைஃப் ஜாக்கெட் கடைசி ரேக்கில், நீச்சல் கண்ணாடிக்குப் பின்னால். விற்பனைப் பையனைக் கேட்டால் நீலமும் இருக்கு சார் என்று கலர் சொல்கிறான், நியூட்டன் சொல்வதில்லை. இன்னொன்று, இந்த ஜாக்கெட்டை வடிவமைத்தவர்கள் யாரும் புடவையைப் பார்த்ததில்லை. தொடை பெல்ட்டை என் மாமியார் எங்கே மாட்டுவார்? படகில் ஏறுகிற அன்றைக்காவது சுடிதார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் பேசித்தான் சாதிக்க வேண்டும். புடவைக்குத் தோதாக ஒன்று செய்ய யாராவது முயற்சிக்கலாமே.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில், உல்லாசமாகப் போனவர்களை அளவுக்கு மீறி ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7, கேரளாவில் தானூர். மறுபடி 22 பேர், அதிகம் பேர் குழந்தைகள். அந்தக் குடும்பங்களும் கிளம்பும்போது தண்ணீர் பாட்டில், பிஸ்கட், தொப்பி என்று சரிபார்த்துத்தான் கிளம்பியிருக்கும்.

படகு வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: கட்டுமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீர் நிரம்பி மூழ்காது, ஏனென்றால் நிரம்புவதற்குக் குழியே இல்லை. கட்டையே மிதக்கிறது. கவிழ்ந்தால் மறுபடி ஏறிக்கொள்ளலாம். ‘சிட் ஆன் டாப்’ என்கிற, மேலே உட்கார்ந்து துடுப்புப் போடும் கயாக், கட்டுமரத்தின் பிளாஸ்டிக் பேரன். உள்ளே வந்த தண்ணீர் ஓட்டைகள் வழியாக வடிந்துவிடும். புதியவர்களுக்கு அதுதான் தேவலை. வாடகைக்கு எடுத்து, முழங்கால் தண்ணீரில் ஒரு தடவை வேண்டுமென்றே கவிழ்த்து, ஏறிப் பழகியபின் காசைப் போடலாம்.

துடுப்புப் படகு என்றால் அடையாற்றில் 1867-லிருந்து இருக்கிற போட் கிளப்பை நினைக்கிறோம். அதே அடையாறு மேலே முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத்தான் வருகிறது. 2015 டிசம்பரில் அங்கே தெருவிலேயே படகு ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம் புகுந்தது. மைத்துனன் வீடு முடிச்சூர். முதல் வெள்ளத்தில் மாமியாரை மாடிப் படியிலிருந்து மீனவர் படகில் இறக்கினார்கள். ஒரு கையில் மாத்திரை டப்பா, ஒரு கையில் புடவைக் கொசுவம். பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை. ஜாக்கெட் யாரிடமும் இல்லை.

சந்தையில் இதை ஞாபகப்படுத்தினேன். நூறு ரூபாய்க்குப் படிந்த ஜாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் நாலு புது ஜாக்கெட், அம்மாவுக்கு ஒன்று என்று அஞ்சு வாங்கினோம். ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்ததில் கடையே வேடிக்கை பார்த்தது. அஞ்சும் இப்போது முடிச்சூர் வீட்டு மாடியில் ஆணியில் தொங்குகின்றன, வெயில் படாமல். மாமியார் அதன் மேல் துணி காயப்போடுகிறார் என்று கேள்வி.

டென்ட்டைத் தூக்கிப் போட்டால் விரிகிறது, திரும்ப மடக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. ஒரே ஒரு ராத்திரி உபயோகித்தது. ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை சந்தைக்கு வரும்.