‘பச்சின்கோ’: ஆணிகளும் அவற்றை வளைத்த கையும்

தலைமுறை நாவல் என்றதும் குடும்பப் பெருமை பேசும் கதையொன்றையே பலர் எதிர்பார்ப்பர். சியோலிற் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவிற் குடியேறிய மின் ஜின் லீ, 2017 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘பச்சின்கோ’ அத்தகையதன்று. யப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட 1910 ஐ ஒட்டித் தொடங்கி 1989 வரை, பூசானருகே ஒரு தீவில் விடுதி நடத்திய எளிய குடும்பத்தின் நான்கு தலைமுறைகளை அது பின்தொடர்கிறது. மன்னரும் தளபதியரும் ஆக்கும் வரலாறு இங்கில்லை. கூலியும் கடனும் பதிவுச்சீட்டும் மனித வாழ்வை உருவாக்கும் வரலாறே இங்குண்டு. இதுவே இந்நாவலின் முதற் சிறப்பு என்போம்.

விடுதிக்காரரின் மகள் சுன்ஜா, 1933 இல் மதபோதகர் இசாக்கின் மனைவியாக ஒசாக்காவின் கொரியச் சேரியான இக்காய்னோவுக்கு வருகிறாள். கடனை அடைக்கப் பைக்கடிகாரத்தை விற்கிறாள். கணவன் சிறைப்பட்டதும் தெருவிற் கிம்ச்சி விற்கிறாள். உழைப்பின் இச்சிறு விவரங்களிலேயே ஆசிரியரின் யதார்த்தவாதம் உறுதிபெறுகின்றது.

போர் முடிந்தும் விடிவு வரவில்லை. சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1952 இல், யப்பானில் வாழ்ந்த கொரியர் அந்நாட்டின் குடியுரிமையை இழந்தனர். சுன்ஜாவின் பேரன் சொலமன், தந்தையும் தானும் பிறந்த நாட்டிலேயே, தன் 14 ஆவது பிறந்தநாளில் அந்நியனாகப் பதிந்து கைரேகை வைக்கவேண்டியிருக்கிறது. சட்டத்தின் கொடுமையை உரைக்க ஆசிரியர் சொற்பொழிவு நிகழ்த்தவில்லை. சிறுவனின் விரலிற் படிந்த மையே போதுமானதாகின்றது.

பச்சின்கோ என்பது ஆணிகளிடையே உருக்குக் குண்டுகளை ஓடவிடும் சூதாட்டப் பொறி. அதிர்ஷ்டத்தை நம்பி ஆடுவோர் அறியாவண்ணம், கடைக்காரன் ஆணிகளைச் சுத்தியலால் தட்டிச் சற்றே வளைத்துவைக்கிறான். சுன்ஜாவின் இளைய மகன் மொசாசு அத்தொழிலில் வளர்கிறான். வசேடாவிற் கற்ற மூத்தவன் நோவா, பிறப்பை மறைத்து யப்பானியனாக வாழ்ந்தும் அதே தொழிலிற் கணக்கெழுதுகிறான். இறுதியில் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறான். சொலமனின் பிறப்புவழித் தொடர்புகளை நிலப்பேரத்துக்குப் பயன்படுத்திய பிரித்தானிய வங்கி, பின்னர் அவற்றையே காரணங்காட்டி அவனை விலக்குகிறது. அவனும் தந்தையின் தொழிலுக்கே வருகிறான். மூவரையும் ஒரே வாயிலிற் கொண்டுசேர்த்தது விதியன்று. ஏனைய வாயில்கள் அடைக்கப்பட்டமையே.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் விமரிசனமாகாது. குண்டர் கும்பலோடு உறவுடைய செல்வன் ஹன்சுவே, இடர் நேரும்போதெல்லாம் இக்குடும்பத்தைக் காக்கிறான். வேலை தருபவனும் அவனே. குண்டுவீச்சுக்குமுன் கிராமத்துக்கு அனுப்புபவனும் அவனே. நோவாவின் கல்விச் செலவை ஏற்பவனும் அவனே. வரலாறோ வேறொரு சக்தியையும் காட்டுகிறது. கொரியப் பள்ளிகளை மூடும் ஆணையை எதிர்த்து 1948 ஏப்ரலில் ஒசாக்காவிலும் கோபேயிலும் மக்கள் திரண்டனர். ஒசாக்காவிற் பொலிசாரின் சூட்டுக்குப் 16 வயது மாணவன் ஒருவன் பலியானான். 1980களிற் கைரேகை மறுப்பு இயக்கம் வலுத்தது. 1993 இல் நிரந்தரவாசிகளுக்குக் கைரேகை முறை நீக்கப்பட்டது. ஒன்றுபட்ட மக்களின் இவ்வாற்றல் நாவலின் மையத்துக்கு வரவேயில்லை. அதனால் துன்பத்தின் காரணம் துலங்கும் அளவுக்கு அதனை மாற்றும் வழி துலங்கவில்லை.

எனினும், சகிப்பின் காவியமென்று மட்டும் இதனைப் புகழ்வோருடன் நாம் உடன்படோம். சகித்தவர் யார் என்பதோடு, சகிக்கவைத்தவர் யார் என்பதையும் இந்நாவல் தெளிவாகக் காட்டுகிறது. ஆணிகளை வளைத்த கையை அடையாளங் காணும் வாசகனுக்கு, அதனைத் தடுத்த கைகளின் வரலாற்றையும் தேடிப் படிக்கும் கடமையுண்டு.