தீப்: வழிகாட்டியின் பக்கம் நின்று எடுத்த படம்

பாலைவன மலைகளில் நாலு நாள், பத்து நாள் என்று நடந்தவர்கள் எழுதியவற்றை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் ஒன்று தெரியும். நடந்தவர் எழுதுகிறார், வழி காட்டியவர் எழுதுவதில்லை. பெதூயின் வழிகாட்டி பக்கத்துக்குப் பக்கம் வருவார். தேநீர் போடுவார், நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்வார், மணலில் கிடக்கும் தடத்தைப் பார்த்து எந்த ஒட்டகம் எப்போது போனது என்பார். ஆனால் அவர் எதற்காக இந்த ஆளோடு நடக்கிறார், 'வரமாட்டேன்' என்று சொல்ல அவரால் முடியுமா என்ற கேள்வி மட்டும் வராது.

நாஜி அபூ நொவார் இயக்கிய ஜோர்டான் படம் 'தீப்' (2014) அந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. பழிவாங்கும் கதை, அரபு வெஸ்டர்ன் என்றெல்லாம் இதைச் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் நான் இதை வழிகாட்டுதல் என்ற தொழிலைப் பற்றிய படமாகவே பார்க்கிறேன். (கதையை முழுசாகச் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், 100 நிமிடம்தான்.)

வருடம் 1916. ஹிஜாஸ் பகுதி, ஆட்டோமான் ஆட்சி. இறந்துபோன ஷேக்கின் பிள்ளைகளில் கடைக்குட்டி தீப். பெயருக்கு ஓநாய் என்று அர்த்தம். ஓர் இரவு ஆங்கிலேய அதிகாரி ஒருவனும் அவனோடு ஓர் அரபுத் துணையாளும் கூடாரத்துக்கு வருகிறார்கள். ஹஜ் யாத்திரைப் பாதையில் இருக்கும் பழைய ரோமானியக் கிணற்றுக்குப் போக வேண்டும், வழி காட்ட ஆள் வேண்டும். வந்தவர்கள் விருந்தாளிகள். மறுக்க முடியாது. தீபின் அண்ணன் ஹுசைன் கிளம்புகிறான். சிறுவன் ரகசியமாகப் பின்தொடர்ந்து போய்ச் சேர்ந்துகொள்கிறான்.

ஹுசைன் செய்வதை 'வழிகாட்டி' என்ற நம் சொல் பாதிதான் பிடிக்கிறது. பெதூயின் வழக்கில் இதற்கு ரஃபீக் என்று பெயர். ஒரு குலத்தின் நிலத்தைக் கடக்கிறவர் அந்தக் குலத்து ஆள் ஒருவரைக் கூட வைத்துக்கொள்வார். அவர் உடன் இருக்கும்வரை அவருடைய குலத்தார் பயணியைத் தொடக்கூடாது. தொட்டால் அது அவருக்கே நேர்ந்த அவமானம். 1940களில் ரப்அல்காலி மணல்வெளியைக் கடந்த வில்ஃபிரெட் தெசிகர் இந்த ஏற்பாட்டை விரிவாகவே எழுதியிருக்கிறார். தமிழில் 'வழித்துணை' என்ற சொல் இதற்குக் கொஞ்சம் நெருங்கி வரும். பாதை தெரிந்திருப்பது இதில் ஒரு பகுதி. மீதி, தன் உயிரையும் பேரையும் பிணையாக வைப்பது.

அந்தப் பிணை எப்படிப் பறிபோகிறது என்பதுதான் படத்தின் முதல் பாதி. முதல் கிணற்றில் தண்ணீரோடு பிணங்கள் கிடக்கின்றன. அடுத்த கிணற்றுக்குப் போகும் வழியில் கொள்ளையர் மறிக்கிறார்கள். ஆங்கிலேயனும் அவன் துணையாளும் சாகிறார்கள், பிறகு ஹுசைனும் சாகிறான். அதிகாரி யாரையும் தொடவிடாத ஒரு மரப்பெட்டி வைத்திருந்தான். ரயில்பாதையைத் தகர்க்கும் வெடிகருவி அது. தன் அண்ணன் எந்த வேலைக்குத் துணை போனான் என்பது சிறுவனுக்குத் தெரியாது. அண்ணனுக்கும் யாரும் சொல்லவில்லை. வழிகாட்டியிடம் பாதையைக் கேட்பார்கள். போகும் காரணத்தைச் சொல்லமாட்டார்கள். பின்னணிப் போர் என்ன, யார் எந்தப் பக்கம் என்று படமும் நமக்கு விளக்குவதில்லை. முதல் தடவை பார்க்கும்போது இது எரிச்சலாக இருக்கலாம். ஆனால் நியாயமான முடிவு. தீபுக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும்.

இதே நிலத்தில் எடுக்கப்பட்ட இன்னொரு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். டேவிட் லீனின் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962). அதில் லாரன்ஸுக்கு வழி காட்டும் தஃபாஸ், வேறு குலத்தின் கிணற்றில் தண்ணீர் குடித்ததற்காகச் சுட்டுக் கொல்லப்படுகிறான். கானலில் ஒரு புள்ளியாகத் தோன்றி ஷெரீஃப் அலி ஒட்டகத்தில் நெருங்கிவரும் அந்தக் காட்சியை யாரும் மறக்கமாட்டார்கள். செத்தவனை யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அதற்கப்புறம் கதை லாரன்ஸோடும் அலியோடும் போய்விடுகிறது. லாரன்ஸின் சொந்த நூலில் தஃபாஸ் கொல்லப்படவே இல்லை. நாடகத்துக்காக வழிகாட்டியைக் கொன்றது சினிமாதான். 'தீப்' அங்கே நின்றுவிடுகிறது. ஆங்கிலேயன் செத்த பிறகும் கதை பாதி மிச்சம் இருக்கிறது, அது முழுக்க வழிகாட்டியின் தம்பியுடையது. லீன் படத்தில் ஹுவைத்தாத் குலத் தலைவராக நடித்தவர் ஆந்தனி குவின். இங்கே தீபாக வருவது அதே குலத்துச் சிறுவன் ஜாசிர் ஈத் அல்ஹுவைத்தாத். சுற்றியிருக்கும் பெதூயின் முகங்களும் நடிப்புத் தொழிலுக்குப் புதியவை.

இரண்டாம் பாதியில்தான் படம் உண்மையிலேயே கனம் பெறுகிறது. காயம்பட்ட கொள்ளையன் ஒருவன் ஒட்டகத்தின்மேல் வந்து சேர்கிறான். அண்ணனைக் கொன்ற கூட்டத்து ஆள். அவன் இல்லாமல் சிறுவன் பிழைக்க முடியாது, சிறுவன் இல்லாமல் அவனும் பிழைக்க முடியாது. அவன் முன்பு யார்? ஹஜ் யாத்திரிகர்களுக்கு வழி காட்டியவன். ரயில் வந்தது, பிழைப்பு போனது.

இது கதைக்காகச் செய்தது அல்ல. டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு ஒட்டகக் கூட்டம் போக ஏறக்குறைய 40 நாள் ஆகும். 1900இல் தொடங்கிய ஹிஜாஸ் ரயில்பாதை 1908இல் மதீனாவை எட்டியதும் அது சில நாள் பயணமாகச் சுருங்கியது. ஒட்டகம் வாடகைக்கு விட்டவர்கள், வழித்துணை போனவர்கள், பாதுகாப்புக்காக அரசிடம் வருடாவருடம் பணம் வாங்கிய குலங்கள் என்று எல்லோருக்கும் அடி. லாரன்ஸ் அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே ரயில்பாதையைப் பெதூயின்கள் தாக்கியிருக்கிறார்கள். ஆக, இந்தப் படத்தின் வில்லன் வேலை போன வழிகாட்டி. ஹுசைனும் அவனும் ஒரே தொழிலின் இரண்டு முனைகள். கடைசியில் ரயில் நிலையத்தில் தீப் அவனைச் சுடும்போது நமக்குத் திருப்தி வராததற்குக் காரணம் இதுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கொள்ளையனின் பழைய வாழ்க்கை சில வரிப் பேச்சில் முடிந்துவிடுகிறது. படத்தின் அச்சாணியே அதுதான் எனும்போது இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். பெண் முகம் ஒன்றுகூட இல்லை. கூடாரத்துக்கு வந்த விருந்தாளியால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கும் படம், அந்தக் கூடாரத்தின் பாதியைக் காட்டவே இல்லை.

இந்தப் படத்தை இன்று பேசக் காரணம் இருக்கிறது. படம் எடுக்கப்பட்ட இடங்களில் ஒன்றான வாதி ரம் 2011இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2015இல் வந்த 'த மார்ஷியன்' படம் அதே நிலத்தைச் செவ்வாய்க் கிரகமாக்கியது. ஆளே இல்லாத மண்! அங்கே மலையேறவும் நடக்கவும் வருகிறவர்கள் பலருக்கும் அந்தக் காலியான நிலம்தான் வேண்டும். மாறாக, எகிப்தில் 2015இல் தொடங்கிய சினாய் நடைபாதையைப் பாருங்கள். மூன்று குலங்கள் சேர்ந்து 220 கிலோமீட்டரில் தொடங்கியது, 2018இல் எட்டுக் குலங்களோடு 550 கிலோமீட்டராக நீண்டது. ஒவ்வொரு குலத்தின் நிலத்திலும் அந்தக் குலத்து வழிகாட்டியே கூட வருவார். எல்லையில் ஆள் மாறும். ஒரே ஆளை முழுக்க வைத்துக்கொள்வது பயணிக்குச் சுலபம். ஆனால் யார் நிலத்தில் நடக்கிறோம் என்பதை ஆள் மாறும் ஒவ்வொரு இடத்திலும் பயணிக்கு நினைவூட்டுவது இந்தப் பழைய ஏற்பாடுதான்.

இது காதல் கதை அல்ல, பிழைப்பு. சுற்றுலா நின்றால் வழிகாட்டிக்கு என்ன மிச்சம் என்ற கேள்வி 1908க்குப் பிறகும் அப்படியேதான் இருக்கிறது. 'தீப்' அதற்குப் பதில் சொல்லவில்லை. கேள்வியை முன்னால் நடக்கிறவரின் முகத்தில் வைத்துக் காட்டுகிறது. பின்னால் நடந்தவர்கள் எழுதிய நூல்களில் எனக்குக் கிடைக்காதது அதுதான்.