வெதுவெதுப்பு என்று ஒரு சொல்

சில வருஷங்களுக்கு முன்பு எழுதிய ஒரு கட்டுரையில், வால்வு ஆம்ப்ளிஃபயரின் நாதத்தில் ஒரு வெதுவெதுப்பு உண்டு, டிரான்சிஸ்டரில் அது கிடையாது என்று எழுதிவிட்டேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. யாருமே ஆட்சேபிக்காத வாக்கியத்தைச் சற்றுச் சந்தேகிக்க வேண்டும் என்ற புத்தி அப்போது எனக்கு வரவில்லை. சமீபத்தில் பாரிவாக்கத்தில் ஒரு நண்பரின் வீட்டு முன்னறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்டபின் அந்தச் சொல்லை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காரணத்தைச் சொல்வது கடமை.

நண்பர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நெடுங்காலம் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரிச்சி தெருவில் அலைந்து சாமான் சேர்த்து, பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களின் சர்க்யூட் படங்களைப் பார்த்துத் தம் கையாலேயே கட்டுவது இப்போது அவருடைய பொழுதுபோக்கு. இதுவரை கட்டியவை இரண்டு. ஒன்று, அமெரிக்காவில் ஃபெண்டர் கம்பெனி 1955 முதல் 1960 வரை செய்த டீலக்ஸ் மாதிரி. மற்றொன்று, இங்கிலாந்தில் வாக்ஸ் கம்பெனி 1958-ல் கொண்டுவந்த ஏ.சி.15 மாதிரி.

"இரண்டில் ஒண்ணை விற்றாகணும் சார். என் தங்கச்சி பையன் கிட்டார் வாசிக்கிறான், அவனுக்கு ஒண்ணு. மற்றதை விற்றால் அவன் காலேஜுக்குப் பணம் கட்டலாம். நீங்கதான் இதைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கீங்களே, வந்து கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். எழுதினவன் அகப்பட்டுக்கொண்டான்.

ஆம்ப்ளிஃபயர் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது மைக் செட். திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியைக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. மைக் செட்டின் தர்மம், கொடுத்ததைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுப்பது. தன் பங்குக்கு ஒன்றும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் செட்டுக்காரருக்கு வசவு விழும். கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் தர்மம் நேர் எதிர். உள்ளே குடைவில்லாத கட்டை மின்சார கிட்டாரை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் மீட்டினால் அடுத்த அறைக்குக்கூட எட்டாது. வீணைக்குக் குடம் எப்படியோ அப்படி அதற்கு இந்தப் பெட்டி. குடம் தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது என்று யாராவது சொல்வார்களா?

ஆனால் இதைச் செய்தவர்கள் அப்படி நினைத்துச் செய்யவில்லை. லியோ ஃபெண்டர் 1938-லிருந்து கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். சுத்தமான சப்தம்தான் அவருடைய லட்சியம். வாசிக்கிறவர்கள் குமிழைக் கடைசிவரை திருப்பினார்கள். வால்வு தாங்காமல் சப்தம் உடைந்தது. உடைந்த சப்தம் அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. குறையே குணமாகிவிட்ட கதை இது. 1947-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தபின் ரேடியோக்காரர்கள் ஒவ்வொருவராக வால்வைக் கைவிட்டார்கள். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வு செய்ய ஆரம்பித்து, பிறகு நிறுத்திவிட்டது. கிட்டார்க்காரர்கள் மட்டும் விடவில்லை. அவர்களுக்காகவே ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்றும் வால்வு செய்கிறார்கள்.

பாட்டு ஒன்றானாலும் பாணி வேறாகும் என்பதற்கும் இந்தச் சரித்திரத்தில் உதாரணம் இருக்கிறது. 1962-ல் லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், தம்மிடம் இருந்த ஆட்களைக் கொண்டு ஃபெண்டரின் பாஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயரை ஏறக்குறைய அப்படியே நகல் எடுத்தார். ஆனால் பத்தங்குல ஒலிபெருக்கி நான்கு இருந்த இடத்தில் பன்னிரண்டங்குலம் நான்கு வந்தது. திறந்திருந்த முதுகு மூடப்பட்டது. சில வால்வுகள் மாறின. சர்க்யூட் படத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான். காதுக்கு அது வேறு ஜாதி. படத்தைப் பார்த்து நாதத்தைத் தீர்மானிக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பாரிவாக்கத்துக்கு வருகிறேன். நண்பர் உள்ளறை வாசலில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார். திரைக்குப் பின்னால் மூன்று பெட்டிகள்: அவர் கட்டிய இரண்டு, பையனிடம் இருந்த சாதாரண டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்று. மூன்றின் சப்த அளவையும் முதலில் சமப்படுத்தினார். இது முக்கியம். இரண்டு சப்தங்களில் சற்றே உரத்ததை நல்லது என்று காது சொல்லிவிடும். தான் ஏமாந்தது அதற்குத் தெரியாது. கடைகளில் நடக்கிற ஒப்பீடுகளில் பாதி இந்த ஒரு காரணத்தாலேயே பயனற்றவை.

பையன் முதலில் மெதுவாக வாசித்தான். நான் கண்ணை மூடிக் கேட்டு, "இது வால்வு. வெதுவெதுப்பாக இருக்கிறது" என்றேன். டிரான்சிஸ்டர். மறுபடி ஒரு தரம். மறுபடியும் டிரான்சிஸ்டரைத்தான் வால்வு என்றேன். நண்பர் மரியாதைக்காகச் சிரிக்கவில்லை. காப்பி கொண்டுவந்த அவர் மனைவி சிரித்துவிட்டார்.

பிறகு குமிழ்களை ஏற்றிவிட்டுப் பையன் அழுத்தி வாசித்தான். இப்போது தவறே நேரவில்லை. டிரான்சிஸ்டர் பெட்டி ஓர் எல்லை வரையில் சுத்தமாக வந்து, எல்லை தாண்டியதும் அப்பளம்போல் நொறுங்கியது. வால்வு நொறுங்காது; வளையும். ஒலியலையின் உச்சி கத்தியால் வெட்டினதுபோல் மொட்டையாகாமல் மெல்ல மழுங்குகிறது. எங்கே சுத்தம் முடிகிறது, எங்கே உடைசல் ஆரம்பிக்கிறது என்று கோடு கிழிக்க முடியாது. இது கற்பனை இல்லை, அளந்து பார்க்கக்கூடிய விஷயம். ஆனால் அதற்கு வெதுவெதுப்பு என்று பெயர் வைத்தால் ஒன்றும் சொன்னதாகாது.

வால்வுப் பெட்டிகள் இரண்டுக்குள்ளும் ஒற்றுமையைவிட வேற்றுமை அதிகம். இரண்டும் பதினைந்து வாட்டை ஒட்டியவைதான். வாக்ஸ் மாதிரியில் உள்ளவை இ.எல்.84 என்ற ஒல்லியான வால்வுகள். மேல் ஸ்தாயியில் வெண்கல மணியின் விளிம்பைத் தட்டினாற்போன்ற ஒரு துலக்கம். ஆறு தந்தியைச் சேர்த்து மீட்டினாலும் ஆறும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. பையனின் சுண்டுவிரல் தடுமாறிய இடமும் விழுந்தது. டீலக்ஸ் மாதிரியில் இந்தத் துலக்கம் இல்லை. ஏற்றி வைத்தால் கீழ் ஸ்வரங்கள் குழைந்து சேறாகின்றன. ஆனால் தனி ஸ்வரம் ஒன்றை அழுத்தி மீட்டும்போது ஒரு விசித்திரம் நடக்கிறது. மீட்டின கணத்தில் சப்தம் சற்று உள்ளே வாங்கி, பிறகு எழும்புகிறது. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்க அதில் 5ஒய்3 என்று ஒரு வால்வு இருக்கிறது. திடீரென்று நிறையக் கேட்டால் அதனால் உடனே கொடுக்க முடியவில்லை, வோல்டேஜ் இறங்கி ஏறுகிறது. பலவீனம்தான். வாக்ஸ் மாதிரியில் இந்தத் தொய்வு குறைவு. மாலை விளக்கு நேரத்தில் ஊர் வோல்டேஜே இறங்கியபோது டீலக்ஸ் இன்னும் தொய்ந்தது. "இந்நேரத்துக்கு மேலே இது வேற பெட்டி சார்" என்றார் நண்பர்.

அப்போதுதான் பையனைக் கேட்டேன்: "உனக்குக் கண்ணை மூடினால் தெரியுமா, தம்பி?"

"மெதுவா வாசிச்சாலும் தெரியும் சார். காதில இல்லை, விரல்ல. டீலக்ஸை அழுத்தினா அதுவும் திருப்பி அழுத்துது."

இந்த பதில்தான் என் பழைய வாக்கியத்தைத் தீர்த்துக்கட்டியது. வீணை தனம்மாளை அவர் வீட்டுக் கூடத்தில் வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு யந்திரமும் இல்லை. இங்கே யந்திரம் நடுவில் இருக்கிறது. அது விரலுக்குப் பதில் சொல்கிறதா என்பதே கேள்வி. நமக்கு அந்த பதில் நேரே வருவதில்லை, வாசிப்பின் வழியாகத்தான் வருகிறது. கவனித்தபோது தெரிந்தது. டிரான்சிஸ்டர் பெட்டியில் பையன் வேகமாக, நிறைய வாசித்தான். வாக்ஸில் ஜாக்கிரதையாக வாசித்தான். டீலக்ஸில் ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு அது எழும்புவதற்காகக் காத்திருந்தான். ஸ்வரங்கள் பாதியாகக் குறைந்தன. பெட்டிகளின் குணபேதத்தை நான் பெட்டியின் சப்தத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அது பையனின் வாசிப்பில் இருந்தது.

ஆகவே கிட்டார் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறவர், அது எப்படி ஒலிக்கிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. வாசிக்கிறவனை அது என்ன செய்ய வைக்கிறது என்றும் சொல்ல வேண்டும். நாதத்துக்கு அடைமொழி தேடுவது சுலபம், நானே செய்திருக்கிறேன்.

தீர்ப்பு பாக்கியிருந்தது. வாக்ஸைப் பையனுக்குக் கொடுக்கலாம் என்றேன். கற்றுக்கொள்கிறவனுக்குக் குறையை மறைக்காத கருவி நல்லது என்பது என் வாதம். நண்பர் சிறிது நேரம் யோசித்தார்.

"மறைக்காதது நல்லதுதான் சார். ஆனா தினம் எடுத்து வாசிக்கணுமே. அவன் எதுகிட்ட நின்னு காத்திருந்தான்னு பார்த்தீங்க இல்ல?"

வாக்ஸை விற்றுவிட்டார். நான் கேட்டதில் எனக்கு அதிகம் பிடித்தது இன்றும் அதுதான். ஆனாலும் அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.