எழுத்தற்ற இடைமுகமும் கேட்போரும்: பெங்களூரு ஆய்வுகளை முன்வைத்து

கணினித் திரையும் ஒரு பனுவலே. அதற்கும் படிப்போர் உண்டு. எனினும் தமிழ்த் துறைகளில் அது பெரும்பாலும் கலைச்சொல்லாக்கச் சிக்கலாக மட்டுமே அணுகப்பெறுகிறது. 'பயனர்' என்பதா, 'பயனாளர்' என்பதா என்னும் விவாதம் நீளும் அளவிற்கு, அப்பயனர் யார் என்னும் வினா நீள்வதில்லை.

அவ்வினாவிலிருந்து தொடங்கிய ஆய்வொன்று பெங்களூருவில் நிகழ்ந்தது. 2005இல் அங்குத் தொடங்கப்பெற்ற மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சார்ந்த இந்திராணி மேத்தி, அமன் சாகர், கென்டாரோ டோயாமா ஆகியோர் 2006இல் அதனை வெளியிட்டனர். குடிசைப் பகுதிகளில் வாழ்ந்து வீட்டு வேலை செய்யும் பெண்கள், எழுதப் படிக்க அறியாத நிலையிலும் பிறர் துணையின்றி வேலை தேடிக்கொள்ள, படத்தாலும் குரலாலும் மட்டுமே இயங்கும் இடைமுகம் ஒன்றை அமைப்பது அதன் நோக்கம்.

இவ்வாய்வு தரும் செய்திகள் மொழியியலார்க்கும் உரியன. பாத்திரம் கழுவுதலைக் குறிக்கும் படம், குழாயிலிருந்து நீர் விழுவது போன்ற குறிப்பு சேர்ந்தபோதே செயலாக உணரப்பட்டது. இலக்கணத்தார் வழக்கில் கூறுவதாயின், பெயராய் நின்ற படம் வினையாதற்கு ஒரு விகுதி வேண்டியிருந்தது. எழுத்தை விலக்கிய அத்திரை எண்ணை விலக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. எழுத்தறியாதார் பலர் எண்ணறிந்தவர். 'எழுத்தறிவின்மை' என்னும் ஒற்றைச்சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

ஆயினும் படமும் குரலும் போதுமானவையாக அமையவில்லை. இயக்கும் முறையைக் கற்பித்த பின்னரும், இக்கருவி தமக்கு வேலை பற்றிய செய்தியை எங்ஙனம் தரும் என்பது அப்பெண்களுக்கு விளங்கவில்லை. ஆகவே, ஆள் தேடும் குடும்பத்தின் தேவை எவ்வாறு கணினிக்குள் வந்து சேர்கிறது, வேலை தேடும் பெண் அதனை எவ்வாறு காண்கிறாள் என்பதை நடித்துக்காட்டும் காட்சிப்படம் ஒன்று முன்னே சேர்க்கப்பட்டது. அதன்பின் பணியை முடித்தோர் மிகுந்தனர் என்பது 2007இல் வெளிவந்த தொடராய்வின் முடிவு. தடையாக நின்றது எழுத்து மட்டுமன்று. யார், யாருக்கு, எதன்பொருட்டுச் சொல்கின்றனர் என்பது புலப்படாமையும் தடையாயிற்று.

தொல்காப்பியச் செய்யுளியல் வகுக்கும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், பயன், முன்னம் ஆகியனவும் அடங்கும். இடைமுக வடிவமைப்பைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் என நிறுவ முற்படுவது வீண்முயற்சி. ஆனால் கேட்போரைச் செய்யுளுக்குப் புறம்பானவராகக் கொள்ளாமல் அதன் உறுப்பாகவே எண்ணிய அப்பார்வை, மேற்காட்டிய ஆய்வை மதிப்பிடத் தக்க கருவியாகும்.

அக்கருவிகொண்டு நோக்கின், தமிழ் இடைமுகங்களின் குறையொன்று வெளிப்படும். 'தேடு', 'சேமி', 'நீக்கு' என ஏவல் ஒருமையில் அவை அமைகின்றன. எழுத்தில் இவற்றை எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. கூறுவோரும் கேட்போரும் அங்கு இல்லாதது போன்ற தோற்றமே காரணம். குரலாக ஒலிக்கும்போது இருவரும் வந்துவிடுகின்றனர். ஐம்பது வயதுப் பெண்ணொருத்தியை நோக்கி, முகமறியாக் குரல் 'தேடு' என்றால் அது வேலைவாங்குவோரின் குரலாகவே கேட்கும். 'தேடுக' என்பது மேடைத் தமிழ். 'தேடுங்க' என்பது மரியாதையைக் காக்கும், ஆயின் எழுத்துத் தமிழாகாது.

பெங்களூருவில் இச்சிக்கல் மேலும் கூடும். கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து ஒலிக்கும் தெருக்களில் தலைமுறைகளாகப் புழங்கும் தமிழுக்கும் சென்னை வழக்கிற்கும் வேறுபாடு உண்டு. அங்குள்ள வீட்டுப் பணிப்பெண் ஒருத்திக்குக் குரல்வழி இடைமுகம் அமைப்போர், எந்தத் தமிழை யார் வாயில் வைப்பது என்பதை முதலில் முடிவுசெய்தாக வேண்டும். அதற்குக் கலைச்சொல் பட்டியல் உதவாது. வேண்டுவது வட்டார வழக்காய்வு.