கோச்சும் அவரே, அம்பயரும் அவரே

'பார்த்திபன் கனவு' படத்தைப் பற்றி செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு புகார் தப்பாமல் வரும்: "யுத்தப் படம்னுதான் போனோம். யுத்தம் எங்க சார்?"

புகாரில் நியாயம் இருக்கிறது. கல்கியின் நாவலை வைத்து டி. யோகானந்த் இயக்கி 1960-ல் வந்த படம். ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா, எஸ்.வி. ரங்காராவ் என்று பலமான அணி. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருதும் வாங்கியது. ஆனால் கதையில் போர் என்பது ஆரம்பத்திலேயே முடிந்துபோகிற சமாச்சாரம். பல்லவச் சக்கரவர்த்திக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்கிறான் சோழன் பார்த்திபன். வெண்ணாற்றங்கரையில் பெரும் படையோடு சிறு படை மோதுகிறது. சோழர் படை அழிகிறது, பார்த்திபன் களத்திலேயே உயிர் விடுகிறான். அதற்கப்புறம் காதல், மாறுவேடம், கபாலிகன், கடல் பயணம்.

ரசிகனின் எதிர்பார்ப்பை முந்தைய படங்கள் ஏற்றிவிட்டிருந்தன. 1948-ல் 'சந்திரலேகா'வில் ரஞ்சனும் எம்.கே. ராதாவும் போட்ட வாள் சண்டையைப் பார்த்துக் கைதட்டியவர்கள் இவர்கள். ரஞ்சன் நிஜமாகவே வாள் வீசத் தெரிந்தவர். கால் வைப்பிலேயே அது தெரியும். 1959-ல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. கோட்டை, பீரங்கி எல்லாம் இருந்தும் மக்கள் மனப்பாடமாகச் சொல்வது ஜாக்சன் துரையோடு சிவாஜி நடத்திய வாய்ச்சண்டையைத்தான். தமிழ்ச் சரித்திரப் படத்தில் பெரும்பாலும் வசனம்தான் முன்வரிசை ஆட்டக்காரர், குதிரைப்படை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். 'பார்த்திபன் கனவு' அந்த வாய்ச்சண்டையையும் கொடுக்கவில்லை என்பதுதான் ரசிகனின் வருத்தம்.

ஆனால் குறையை நான் வேறு இடத்தில் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பல்லவச் சக்கரவர்த்தி, மாமல்லன் நரசிம்மவர்மனின் பழைய கணக்கை எடுத்துக்கொள்வோம். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று வரிசையாகச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை அவன் தோற்கடித்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. புலிகேசியின் முதுகையே செப்பேடாக்கி அதில் வெற்றி என்ற எழுத்தைப் பொறித்தான் என்று அதில் ஒரு வர்ணனை. எதிரி புறமுதுகு காட்டியதை இதைவிடக் குறும்பாக எந்த ஸ்கோர் போர்டும் எழுதியதில்லை. மணிமங்கலம் வேறெங்கோ இல்லை, தாம்பரத்துக்குப் பக்கத்தில், பெரிய ஏரியோடு இருக்கிற ஊர்தான். பழைய செங்கல்பட்டு மாவட்டம், இப்போது காஞ்சிபுரம் மாவட்டம். சொந்த மண்ணில் இப்படி ஜெயித்துவிட்டு, 642-ல் எதிரியின் தலைநகரான வாதாபிக்கே போய் அதையும் பிடித்தான். சொந்த மண்ணில் மட்டும் புலி என்று அவனைச் சொல்ல முடியாது.

இந்தப் போர்கள் 'பார்த்திபன் கனவி'ல் இல்லை. கல்கி அவற்றைப் பிறகு, 1944-ல் தொடங்கிய 'சிவகாமியின் சபத'த்தில் எழுதினார். கதைக் காலத்தில் பிந்தியதை முதலில் எழுதிவிட்டார் மனிதர். அதனால் படத்தில் நாம் பார்க்கும் மாமல்லன், கோப்பைகளை எல்லாம் அலமாரியில் அடுக்கிவிட்ட சாம்பியன். அவனிடம் போய் மணிமங்கலத்தைக் கேட்பது, ஓய்வுபெற்ற வேகப்பந்து வீச்சாளரிடம் பவுன்சர் கேட்பதுதான்.

அப்படியானால் சாம்பியன் என்ன செய்கிறான்? சிவனடியார் வேடத்தில் போர்க்களத்துக்கு வந்து, சாகக்கிடக்கும் பார்த்திபனிடம், உன் பிள்ளையை வீரனாக வளர்க்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். அதாவது தோற்றவன் மகனுக்கு ஜெயித்தவனே கோச். அந்தப் பிள்ளை விக்கிரமன் வளர்ந்து உறையூரில் புலிக்கொடி ஏற்றப் போய்ப் பிடிபடுகிறான். தீர்ப்புச் சொல்லி நாடு கடத்துவது யார்? அதே ஆள். ரத்தின வியாபாரியாக விக்கிரமன் திரும்பி வரும்போது வழியில் ஆபத்திலிருந்து காப்பாற்றுவது? ஒற்றர் தலைவன் வேடத்தில் அதே ஆள். கடைசியில் சோழ நாட்டுக்குச் சுதந்திரமும், மகள் குந்தவியின் கையும் கொடுப்பது? கேட்கவே வேண்டாம். எதிரணி கேப்டன், கோச், அம்பயர், பரிசளிப்பு விழாவின் சிறப்பு விருந்தினர் எல்லாம் ஒருவரே. எந்த விளையாட்டுச் சங்கம் இதை அனுமதிக்கும்?

மாமல்லனாக வரும் ரங்காராவ் இதைத் தாங்கிப் பிடித்ததுதான் படத்தின் பலம். 'மாயாபஜாரி'ன் கடோத்கஜனாகச் சிரித்து மிரட்டியவர், இங்கே அதிகாரத்தை உள்ளே அடக்கி வைத்து ஆடுகிறார். "தாடி வெச்சா மட்டும் தெரியாதா, முதல்லயே கண்டுபிடிச்சிட்டோம்" என்று கிண்டல் செய்கிறவர்களும் உண்டு. உண்மைதான்; நாவலில் மறைக்க முடிந்த ரகசியத்தை அந்த ஆகிருதியையும் குரலையும் வைத்துக்கொண்டு திரையில் மறைக்க முடியாது. ஆனால் தெரிந்த பிறகுதான் அவர் ஆட்டம் ருசிக்கிறது. எதிரே இருப்பவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

அடி வாங்குவது விக்கிரமனாக வரும் ஜெமினிதான். "ராஜகுமாரன் மாதிரி இருக்கார், போர்வீரன் மாதிரி இல்லை" என்பார்கள். இதில் ஜெமினியின் தப்பு பாதிதான். விக்கிரமன் கதை முழுக்க ஒரு பெரிய ஆட்டம்கூட ஜெயிப்பதில்லை. அவனுடைய கிரீடம் வாக்ஓவரில் வந்தது. எந்த நடிகர் வந்தாலும் அந்தப் பாத்திரத்தில் மார்பு நிமிர்த்துவது கஷ்டம். 1959-ல் சிவாஜி தூக்குமேடையில் நின்றார். அது தோல்வி, ஆனால் கட்டபொம்மனின் சொந்தத் தோல்வி. ரசிகன் அதற்கு அழுதான். பரிசாகக் கிடைத்த வெற்றிக்கு எழுந்து நின்று கைதட்ட அவனுக்கு மனசு வராது.

மாமல்லபுரத்துக்காரர்களுக்குச் சொந்தத் தோல்விக்கு அண்மை உதாரணம் இருக்கிறது. 2022 செஸ் ஒலிம்பியாட் பூஞ்சேரியில் நடந்தபோது, 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் ஜெயித்தார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவிடம், ஜெயிக்க வேண்டிய நிலையிலிருந்து தோற்றார். கோச் ஆர்.பி. ரமேஷ் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும். ஒரு சிப்பாயைக்கூட நகர்த்திக் கொடுக்க முடியாது. உஸ்பெகிஸ்தான் தங்கம் வாங்கியது, குகேஷின் அணிக்கு வெண்கலம். அந்தத் தோல்வியும் அந்தப் பதக்கமும் பையனுடையவை. விக்கிரமனுக்குக் கல்கி இப்படி ஒரு பத்தாவது சுற்று வைத்திருந்தால் படமே வேறாக இருந்திருக்கும்.

போர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ரசிகனுக்கு இந்த வட்டாரத்திலேயே சரக்கு கிடக்கிறது. காஞ்சிபுரம் அருகே புள்ளலூர்: பல்லவன் மகேந்திரவர்மன் எதிரிகளை முறியடித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்லும் அதே ஊரில், 1780 செப்டம்பர் 10-ல் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கினார்கள். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டி வெடித்தது, பெய்லி சிறைப்பட்டார். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு அதை முழு நீள ஓவியமாக வரைய வைத்தார். பல்லக்குக்குள் பெய்லி, சுற்றிலும் குதிரைகள், நடுவில் வெடிக்கும் வண்டி. ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி அலசலாம்.

கடல் சண்டை வேண்டுமா? கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே 1782 பிப்ரவரி 17-ல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். அடுத்த ஆண்டு கடலூர் வரை நீண்ட ஐந்து ஆட்டத் தொடரில் அதுதான் முதல் ஆட்டம், முடிவு டிரா. இந்தத் தொடரைத் தமிழில் யாராவது எடுக்க வந்தால், சஃப்ரன் வேடத்துக்கு ரங்காராவ் அளவில் ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். நிஜ சஃப்ரனும் பெருத்த உடம்புக்காரர்தான்.