எருமை இறங்கிய கரை

வேலூர்க் கோட்டை அகழியை ரசிக்காதவர் குறைவு. 16ஆம் நூற்றாண்டுக் கோட்டை, 133 ஏக்கர், சுற்றிலும் தண்ணீர், உள்ளே குடிகொண்ட சாமிக்குப் பெயரே ஜலகண்டேஸ்வரர். கொக்கைக் கேட்டால் மட்டும் வேறு கதை சொல்லும். செங்குத்தாக இறங்கும் கற்சுவரில் அது எங்கே கால் வைக்கும்? முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கு அந்த ஆழம் தோது. ஓரத்தில் கணுக்கால் நனைய நின்று காத்திருக்கும் மடையானுக்கு அங்கே வேலையில்லை. எதிரி இறங்கக் கூடாதென்று வெட்டியவர்கள் தங்கள் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள்.

அணைக்கட்டுப் பக்கம், ஜவ்வாது மலையடிவாரத்துக் குட்டைகளுக்கு இந்தக் கம்பீரமெல்லாம் கிடையாது. கலங்கிய தண்ணீர், ஓரமெல்லாம் கோரை, எருமைகள் இறங்கி இறங்கித் தேய்ந்த சரிவு. ஆனால் வாலாட்டிக் குருவி நடைபோடுவதும், கானாங்கோழி குஞ்சுகளோடு ஒதுங்குவதும், தவளை முட்டையிடுவதும் அந்தச் சரிவில்தான். வீட்டுத் தோட்டத்தில் குளம் அமைக்க நினைப்பவர் குருவாகக் கொள்ள வேண்டியது அந்த எருமையைத்தான்.

15 அடி நீளம், 8 அடி அகலம், ஒரு பக்கத்தில் இரண்டரை அடிப் பள்ளம் இருந்தால் தாராளம். மறு பக்கத்திலிருந்து அந்தப் பள்ளத்துக்குப் பத்தடி தூரம் மெல்ல மெல்லச் சரிய வேண்டும். இந்தப் பத்தடியில்தான் கைத்திறன் தெரியும். தவிட்டுக்குருவி குளிக்க ஓர் அங்குலத் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் பயந்து திரும்பிவிடும். அடியில் ஏரிக் களிமண்ணைக் கொட்டி மிதித்துக் கெட்டிப்படுத்துவது பழைய முறை. பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் தடித்த ஷீட் இப்போதைய முறை. கல் குத்தாமலிருக்கக் கீழே மணலோ பழைய சாக்கோ போட்டு, ஷீட்டின் மேலும் மண்ணைப் பரப்பிவிட்டால் கறுப்புப் பிளாஸ்டிக் கண்ணை உறுத்தாது. வழவழப்பான டைல்ஸ் ஒட்டி, நடுவில் நீரூற்று வைத்து, நீல பெயின்ட் அடிப்பவர்களும் உண்டு. அதில் குளிக்கக் காக்கை வந்தாலே பெரிய விஷயம்.

பிரிட்டனில் இயற்கையியலாளர் கிறிஸ் பெயின்ஸ் 1985இல் செல்சி மலர்க் கண்காட்சியிலேயே காட்டுயிர்களுக்கான தோட்டம் ஒன்றை அமைத்துக் காட்டினார். அந்த ஊர்க் குளத்துக்குப் பனிக்காலத்தில் உறைந்துவிடும் கவலை. வேலூர் வட்டாரத்துக்குக் கவலை அக்னி நட்சத்திரம். அதனால்தான் ஒரு மூலையாவது ஆழமாக இருக்க வேண்டும். புங்க மரத்தின் பிற்பகல் நிழலும் அதன்மேல் விழ வேண்டும்.

எந்தத் தண்ணீரை நிரப்புவது? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் பட்டறைப் பகுதியில் இது சாதாரணக் கேள்வி இல்லை. பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க உப்பு தடவுகிறார்கள். பதனிட எடுக்கும்போது அந்த உப்பைக் கழுவித்தான் ஆக வேண்டும். வழக்கமான சுத்திகரிப்பில் கரைந்த உப்பு போகாது. பாலாற்றுப் படுகையின் கிணறுகள் பல உப்பேறிய கதை உச்ச நீதிமன்றம்வரை போனது. 1996 ஆகஸ்ட் 28இல், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக நிலைநிறுத்திய தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்று மாசுக்காக மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. தவளை தோல் வழியாகவும் நீரை உறிஞ்சும், மூச்சும் விடும். உப்புத் தண்ணீர் அதன் முட்டைக்கும் ஆகாது. ஆகவே இந்த வட்டாரத்தில் போர் தண்ணீரை நம்பி இறங்காமல், மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாயைக் குளத்துக்குத் திருப்பிவிடுவதே நல்லது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர்தான் உண்டென்றால் ஓரிரு நாள் தொட்டியில் திறந்து வைத்து ஊற்றலாம். வேடிக்கை என்னவென்றால், தவளைக்கு ஆகாத அதே உப்பைத் தேடித்தான் வண்ணத்துப்பூச்சிகள் ஈரமண்ணில் வரிசையாக உட்கார்ந்து உறிஞ்சுகின்றன.

செடிகளில் அல்லிக் கிழங்கு ஒன்று போதும். கரையோரம் வல்லாரை, நீர்ப்பிரம்மி, பொன்னாங்கண்ணி; சமையலறைக்கும் ஆகும். சம்பங்கோரையை நட்டால் இரண்டே ஆண்டில் குளம் அதன் பட்டா நிலமாகிவிடும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரையின் ஊதாப் பூவில் மயங்குவது அதைவிட ஆபத்து.

கொசு வராதா என்பது வீட்டில் எழும் முதல் கேள்வி, நியாயமான கேள்விதான். ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மொட்டை மாடி டயரும் மூடாத டிரம்மும்தான் மிகவும் பிடித்த பிரசவ அறைகள். உயிருள்ள குளத்தில் கொசுப்புழுவைத் தின்னத் தட்டான் குஞ்சுகள் காத்திருக்கும். கம்பூசியா மீனை விடச் சொல்வார்கள். 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த அமெரிக்க மீன் கொசுப்புழுவோடு தலைப்பிரட்டையையும் சேர்த்துத் தின்றுவிடும். பக்கத்து ஏரியின் சிறு மீன்கள் நாலைந்து போதும்.

மழைக்கு முன் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான்கள் புதுக் குளத்தை எப்படியோ கண்டுபிடித்துவிடுகின்றன. மாலத்தீவில் அவற்றைக் கவனித்துவந்த சார்ல்ஸ் ஆண்டர்சன், இவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்காவரை போகின்றன என்று 2009இல் எழுதினார். அணைக்கட்டில் ஒரு கொல்லைக்குட்டையில் தோலுரித்த தட்டானுக்கும் அந்தப் பயணத்தில் ஓர் இடம் இருக்கலாம்.

இன்னும் அருகில் போய்ப் பார்க்க வேண்டியது குளவியை. தண்ணீரும் மண்ணும் சேரும் கோட்டில் தலை கவிழ்ந்து, தாடையால் சேற்றைச் சுரண்டி, பட்டாணி அளவுக்கு உருட்டி, சுமையோடு தள்ளாடிப் பறக்கும். சன்னல் மூலையில் கூடு முடியும்வரை ஒரே தடத்தில் போக்குவரத்து. தகைவிலானுக்கும் கூடு கட்டச் சேறு வேண்டும். சிமென்ட் கரை வைத்த குளத்தில் இந்த இரண்டு கொத்தனார்களுக்கும் பிழைப்பில்லை.

அடையாற்றுக் கழிமுகத்தில் குப்பையும் இடிபாடும் கிடந்த 58 ஏக்கரைச் சீர்செய்து, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். சதுப்பைத் தோண்டி நீரை விட்டு, இந்த மண்ணின் மரங்களை நட்டார்கள். யாரும் பறவைகளைக் கூண்டில் கொண்டுவந்து விடவில்லை. வேடந்தாங்கல் ஏரியில் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமென்று கண்டுகொண்ட விவசாயிகளும் பறவையைக் கூப்பிடவில்லை. வேட்டைக்காரர்களை விரட்டினார்கள், அவ்வளவுதான்.

கொல்லைக்குளத்தில் அந்த வேட்டைக்காரன் பெரும்பாலும் வீட்டுப் பூனை. சரிவுக்கரையைச் சுற்றி ஆறேழு அடிக்குப் புதர் இல்லாமல் வைத்தால் அது பதுங்க வழியில்லை. நாலு மணி வெயில் தணிந்ததும் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகக் கத்திக்கொண்டு வரும். ஒன்று மட்டும் முருங்கைக் கிளையில் காவலுக்கு நிற்க, மற்றவை ஓர் அங்குலத் தண்ணீரில் இறங்கி இறக்கையை அடித்துக்கொள்ளும். முறை மாறி, காவலுக்கு நின்றது கடைசியாகக் குளிக்க வரும்போது தண்ணீர் நன்றாகக் கலங்கியிருக்கும்.