பிளினியின் கடிதங்களில் ரோமானிய அமைதி

ரோமானியப் பேரரசில் அமைதி நிலவியதற்குப் படைபலமே காரணம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகும் மாணவர்கள் உண்டு. கி.மு. 27 முதல் கி.பி. 180 வரை, ஏறக்குறைய 200 ஆண்டு அமைதியைப் படை மட்டுமே காத்திருக்க முடியுமா? இதற்கு விடை தேட ஏற்ற நூல், பிளினியின் கடிதங்களில் பத்தாம் தொகுதி.

பிளினி கி.பி. 110 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் இருந்த பித்தினியா-பொந்துஸ் மாகாணத்துக்கு ஆளுநராகப் போனவர். அங்கிருந்து பேரரசர் டிராஜனுக்கு அவர் எழுதிய கடிதங்களும் வந்த பதில்களும் இதில் உள்ளன. போர்ச் செய்தி தேடினால் கிடைக்காது. பெரும்பாலும் கணக்கு வழக்குதான். புரூசா நகரத்தின் வரவு செலவைச் சரிபார்க்கிறார். நிக்கோமீடியாவில் 30 லட்சம் செஸ்டர்ஸ் காசுக்கு மேல் கொட்டியும் முடியாமல் கைவிடப்பட்ட நீர்க்கால்வாயை விசாரிக்கச் சொல்கிறார் டிராஜன். இதே மாகாணத்து மக்கள் அதற்கு முன்பே இரண்டு ஆளுநர்கள் மீது ரோமில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். குறை சொல்ல ஓர் இடம் இருந்தால், வாளைத் தூக்க வேண்டிய அவசியம் குறையும்தானே?

ஆனால் இதே நூல் இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. நிக்கோமீடியாவில் பெருந்தீ. அணைக்க ஒரு வாளிகூட இல்லை. மக்கள் சும்மா நின்று வேடிக்கை பார்த்தார்களாம். 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்கலாமா என்று பிளினி கேட்கிறார். டிராஜன் மறுக்கிறார். எந்தப் பெயரில் கூடினாலும் அது நாளடைவில் அரசியல் கூட்டமாகிவிடும் என்பது அவர் பயம். கருவிகளை வாங்கி வைத்தால் போதுமாம். வீடு எரிந்தாலும் பரவாயில்லை, நாலு பேர் ஒன்றுசேரக் கூடாது! கிறிஸ்தவர்கள் விஷயத்திலும் இதே இரட்டை நிலைதான். மொட்டைக் கடிதத்தை ஏற்காதே என்கிறார். நம்பிக்கையைக் கைவிடாதவர்களைத் தண்டி என்றும் சொல்கிறார்.

நிர்வாகம் அன்றாடம் எப்படி நடந்தது என்பதை நேரில் பார்ப்பதுபோல் அறிய முடிவது இத்தொகுதியின் பலம். பலவீனம், பேசுவது அதிகாரி மட்டும் என்பது. வீட்டை இழந்த நிக்கோமீடியாக்காரர் இந்த அமைதியைப் பற்றி என்ன நினைத்தார்? அவர் குரல் இதில் இல்லை. வழக்குப் போடப்பட்ட அந்த இரண்டு ஆளுநர்களுக்கும் ரோமில் வாதாடியவர் பிளினியேதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மாணவர்களே, நல்லாட்சி பற்றிக் கட்டுரை எழுதும்போது கால்வாய்க் கணக்கை மட்டும் காட்டி நிறுத்திவிடாதீர்கள். தீயணைப்புக் குழுவையும் சேர்த்து எழுதுங்கள். நியாயமான நிர்வாகம் ரோமின் அமைதிக்கு உதவியது உண்மை. மக்கள் ஒன்றுகூடுவதைத் தடுத்ததும் அந்த அமைதியின் ஒரு பகுதிதான். இரண்டையும் எடைபோட்டு உங்கள் முடிவைச் சொன்னால்தான் அது திறனாய்வு.